நினைவைப் பாடுவது புலம்பல் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வாசகர் கவிதைப் பகுதிக்குப் புதிய விதி ஒன்றைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். சமூகப் பயனுள்ள பொருளில் எழுதிய கவிதைகள் மட்டுமே இனி ஏற்கப்படும், சொந்த நினைவுகளையும் மன ஏக்கங்களையும் சொல்லும் புலம்பல்களை அனுப்ப வேண்டாம் என்பது விதி. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போய்விட்டது. இடத்துக்கேற்பச் சுருக்கிக்கொள்ளுங்கள். பாட்டு வரிகளில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

நான் கவிதை எழுதுகிறவள் இல்லை. அச்சகங்களில் புரூஃப் பார்த்து, அதாவது அச்சுப்பிழை திருத்தி, ஓய்வு பெற்றவள். ஈய எழுத்தைக் கையால் கோத்த நாளில் தொடங்கி, ஆஃப்செட் வந்து, கணினியில் பக்கம் கட்டும் காலம் வரை அந்த வேலையில் இருந்தேன். பாடநூல், ஆண்டறிக்கை, மருத்துவக் கையேடு, கவிதைத் தொகுப்பு எல்லாம் ஒரே மேஜைக்குத்தான் வரும். எதுவானாலும் எழுத்தெழுத்தாகத்தான் படிக்க வேண்டும். பொருள் பிடிபடுவதற்கு முன்பே ஒற்று விட்டுப்போனது கண்ணில் பட்டுவிடும். முதல் புரூஃப், திருத்தம் போட்டு வந்த இரண்டாம் புரூஃப், கடைசியாக மெஷின் புரூஃப் என்று ஒரே கவிதையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டும். இப்படிப் படிக்கும்போது சில கவிதைகள் இரண்டாம் புரூஃபிலேயே வெளுத்துவிடும். சில கவிதைகள் மெஷின் புரூஃபில்தான் முதல் தடவையாகத் திறக்கும்.

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நினைவைப் பற்றி எழுதி வரும் கவிதைகளில் பெரும்பாலானவை நிற்பதில்லை. 'உன் நினைவுகள் என்னை வாட்டுகின்றன', 'இதயத்தின் ஓரத்தில் ஈரம்', 'காலம் கரைந்தாலும் காயம் ஆறவில்லை' என்ற மாதிரி வரிகளை எத்தனையோ கையெழுத்துகளில் படித்திருக்கிறேன். எழுதியவர் உண்மையாக அழுதிருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வரிகளில் அவர் இல்லை. யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இதே கோளாறு சமூகக் கவிதைகளிலும் அப்படியே இருக்கிறது. 'ஏழையின் கண்ணீர்', 'உழைப்பாளியின் வியர்வை', 'விடியல் வரும்' என்று முடிகிற கவிதைகளில் ஓர் ஏழையும் இல்லை, ஓர் உழைப்பாளியும் இல்லை. பொருளை மாற்றச் சொல்வதால் இந்தக் கோளாறு தீராது. கவிஞர் எதையும் உற்றுப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. அதற்கு அகம் புறம் என்ற வேறுபாடு கிடையாது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சொந்தச் செலவில் முதல் தொகுப்பு போட வந்த இளைஞர் ஒருவருடைய கையெழுத்துப்படி என்னிடம் வந்தது. அதில் தகப்பனாரின் மரணத்தைப் பற்றி ஒரு கவிதை. வரிக்கு வரி நினைவு, நினைவுகள், நினைவலைகள். நடுவில் ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்திருந்தார். அடித்த வரியையும் படித்துப் பார்ப்பது என் பழக்கம். தகப்பனாரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு காது உடைந்துபோய், அதைக் கருப்பு நூலால் கட்டி மாட்டியிருந்தாராம். ஆஸ்பத்திரியில் கண்ணாடியைக் கழற்றி வாங்கியபோதுதான், அந்த நூல் முடிச்சு காதுக்குப் பின்னால் அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்திருந்ததை மகன் பார்த்திருக்கிறார். அடித்த வரியில் இருந்தது இவ்வளவுதான். அற்ப விஷயம், கவிதைக்கு ஆகாது என்று நினைத்து அடித்துவிட்டார் போலும். நான் அந்த வரிக்குக் கீழே புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினேன். அடித்ததை மீண்டும் சேர்க்க எங்கள் தொழிலில் அதுதான் குறி. புரூஃப் பார்ப்பவருக்கு அந்த உரிமை இல்லை என்று தெரிந்துதான் செய்தேன். புத்தகம் வந்தபோது அந்த வரி இருந்தது. நினைவலைகள் எல்லாம் போயிருந்தன.

அந்த மகன் தன் தகப்பனை அதுவரை பார்க்காத ஓரிடத்தில் பார்த்திருக்கிறார். தகப்பன் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டு வாழ்ந்தார், எதையெல்லாம் புதிதாக வாங்கிக்கொள்ளாமலே காலத்தை ஓட்டினார் என்பது அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. இதைச் சொந்தப் புலம்பல் என்று ஒதுக்கினால், சமூகம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

நம் மொழியில் இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. குறுந்தொகையின் இருபத்தைந்தாவது பாட்டைப் பாருங்கள். கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

ஒருத்தியைத் தனியே சந்தித்துச் சேர்ந்தவன், திருமணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறான். அவள் தோழியிடம் சொல்கிறாள்: அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அவன் ஒருவன்தான் இருந்தான், அவனே திருடன். அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினையின் தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது.

இந்தக் குருகின் கால்கள் அவளுக்கு ஏன் நினைவில் நிற்க வேண்டும்? வாழ்க்கையையே மாற்றிப்போட்ட அந்த நாளில் அவன் என்ன சொன்னான், என்ன வாக்குக் கொடுத்தான் என்பதைக்கூட அவள் சொல்லவில்லை. ஒரு பறவையின் கால் எவ்வளவு மெலிந்திருந்தது, எந்த நிறத்தில் இருந்தது என்று சொல்கிறாள். பெரிய நிகழ்ச்சிகளின் நடுவில் மனம் எங்கோ ஓரத்தில் இருந்த ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு வந்துவிடும். விபத்தில் தப்பியவர்களிடமும், சாவு வீட்டிலிருந்து திரும்பியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு சின்னப் பொருளைத்தான் முதலில் சொல்வார்கள். மனம் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை ஐந்தே அடியில் கபிலர் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குருகும் சாட்சிக்கு உதவாது. அதன் கண் ஆரல் மேலேயே இருந்தது.

இது அகப்பாட்டு. அந்தரங்கமான நினைவு. ஆனால் அவள் கவலை என்ன? சாட்சி இல்லாத வாக்கு. ஆண் மறுத்தால் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பில்லாத ஏற்பாடு. இதைவிடச் சமூகப் பொருள் வேறு எதில் இருக்கிறது? உங்கள் புதிய விதிப்படி இந்தப் பாட்டு இன்று தபாலில் வந்தால், இரண்டாவது அடியிலேயே 'சொந்தப் புலம்பல்' என்று ஒதுங்கிவிடும்.

புறத்துக்கே வருவோம். பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள். பாரி மாண்டான், நாடு போயிற்று. போர், ஆக்கிரமிப்பு, அனாதையான பெண்கள் என எல்லாம் சமூகப் பொருள்தான். பாரியின் மகளிர் அதை எப்படிச் சொன்னார்கள்?

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

புறநானூறு 112. பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. மனப்பாடமாகத் தெரிந்ததாலேயே நாம் கவனிக்காமல் விட்ட ஒன்று இதில் இருக்கிறது. இரண்டாவது அடியில் தந்தை முதலில் வருகிறார், குன்று பின்னால் வருகிறது. கடைசியில் வரிசை மாறிவிடுகிறது. குன்று போனது முதலில், தந்தை இல்லாதது இறுதியில். பாட்டு 'இலமே' என்று நிற்கிறது. அரசர்களுக்கு வேண்டியிருந்தது குன்று. அந்தப் பெண்களுக்குக் கடைசியில் சொல்ல மிஞ்சியது தந்தை. ஓர் அரசியல் நிகழ்ச்சி ஒருவருடைய மனத்துக்குள் போய் எப்படி வரிசை மாறி உட்காருகிறது என்பதை இந்த மாற்றம் காட்டுகிறது. வேந்தரை ஒரு சொல் ஏசவில்லை. வெற்றி முரசு அறைந்தவர்கள் என்பதோடு சரி. ஒரு மாதத்துக்கு முந்திய நிலவையும் இன்றைய நிலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். போரின் கொடுமையைச் சொல்லும் எத்தனையோ நீளமான கவிதைகளை நான் திருத்தியிருக்கிறேன். இந்த ஐந்து அடிகளுக்குப் பக்கத்தில் வரக்கூடியவை அவற்றில் வெகு சிலதான்.

நம் காலத்துக்கு வந்தாலும் இதுவே நிலை. இலங்கையில் போர் மூண்ட ஆண்டுகளில் 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு 1985இல் வந்தது. அடுத்த ஆண்டு பெண்கள் எழுதிய 'சொல்லாத சேதிகள்' வந்தது. போர்க்கால இரவு ஒன்று குழந்தைகளை எப்படிப் பெரியவர்களாக்கிவிடுகிறது என்று எழுதிய ஈழக் கவிஞர் சிவரமணி 1991இல் மறைந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்றைத் தாண்டவில்லை. அவர் எழுதியது அரசியலா, தன் மனமா என்று பிரித்துத் தரச் சொன்னால் உங்களால் முடியுமா? என்னால் முடியாது.

உள்மன அனுபவம் என்றாலே எழுதியவரின் நாட்குறிப்பு என்று ஓர் எண்ணம் இருக்கிறது. உங்கள் அறிவிப்பிலும் அந்த வாடை அடித்தது. நம் முன்னோர் இதை மிக நுட்பமாக யோசித்திருக்கிறார்கள். 'மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பியம். அகப்பாட்டில் இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை இவ்வளவு உருக்கமான பிரிவுப் பாட்டாக இருந்தும், அதில் வேம்பு தலையாத்த வேல் என்று பாண்டியனின் அடையாளப் பூ வந்துவிட்டதால் அதைப் புறம் என்று உரைகாரர் கொண்டார். ஒரே ஓர் அடையாளம் போதும், பாட்டு அந்த ஒருவனுக்குச் சொந்தமாகிவிடும். பெயரை எடுத்துவிட்டால் அது படிக்கிற ஒவ்வொருவருக்கும் ஆகிவிடுகிறது. குருகைப் பார்த்த பெண்ணுக்குப் பெயர் இல்லை. அதனால்தான் இத்தனை நூற்றாண்டு கழித்தும் படிக்கிறவள் அவளாகிவிட முடிகிறது. எழுதுகிறவர் தனக்குள் ஆழமாகப் போனால் தன்னை மட்டும்தான் காண்பார் என்று நினைப்பது சரியில்லை.

இன்னொன்று. அந்தக் கவிஞர்களில் சிலருடைய பெயரையே நாம் இழந்துவிட்டோம். பாட்டில் இருந்த ஒரு காட்சியையே பெயராக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், கல்பொரு சிறுநுரையார், மீனெறி தூண்டிலார். எனக்கு மிகவும் பிடித்தவர் அணிலாடு முன்றிலார். ஊரைவிட்டு மக்கள் போய்விட்டார்கள், ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. காதலர் இல்லாத நாளில் நான் அப்படிப் பொலிவிழந்து கிடக்கிறேன் என்கிறாள் தலைவி (குறுந்தொகை 41). 'என் தனிமை' என்று எழுதியிருந்தால் அந்தக் கவிஞரை இன்று எந்தப் பெயரால் அழைத்திருப்போம்? ஓர் அணில் அவரைக் காப்பாற்றித் தந்திருக்கிறது.

நினைவைப் பாடுவது என்றால் பழையதை எண்ணி உருகுவது மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள், மறதியைப் பாடிய கவிதைகளைப் படித்திருக்க மாட்டார்கள். பாரதியின் 'கண்ணன் பாட்டு' 1917இல் அச்சானது. அதில் ஒரு பாட்டு:

ஆசை முகம்மறந்து போச்சே - இதை
ஆரிடம் சொல்வேனடி தோழி
நேசம் மறக்கவில்லை நெஞ்சம் - எனில்
நினைவு முகம்மறக்க லாமோ

பாட்டாகக் கேட்டுக் கேட்டு இதன் சொற்கள் நமக்குத் தேய்ந்துவிட்டன. மெட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, புரூஃப் பார்ப்பதுபோல ஒரு தடவை படித்துப் பாருங்கள். அன்பு அப்படியே இருக்கிறது, முகம் போய்விட்டது. இது எவ்வளவு பயங்கரமான அனுபவம்! அடுத்த கண்ணியில் அவர் இன்னும் துல்லியமாகப் போகிறார். 'கண்ணில் தெரியுதொரு தோற்றம் - அதில் கண்ணன் அழகுமுழு தில்லை, நண்ணு முகவடிவு காணில் - அந்த நல்ல மலர்ச்சிரிப்பைக் காணோம்.' முகத்தின் வடிவம் அகப்படும்போது சிரிப்பு நழுவுகிறது. மறந்துகொண்டிருக்கும் மனம் ஒரு முகத்தைக் கூட்டிச் சேர்க்க முயன்று தோற்பதை நொடி நொடியாகப் பார்த்து எழுதியிருக்கிறார். கடைசியில், 'வண்ணப் படமுமில்லை கண்டாய்' என்று ஒரு வரி. பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள ஒரு படம்கூட இல்லை.

இந்தப் பாட்டு எனக்கு எங்கே பட்டது என்றால், ஈய எழுத்துக் காலத்தில் புரூஃப் பார்ப்பவருக்குத் துணையாக மூலப்படியை உரக்கப் படிக்க ஒருவர் இருப்பார். காப்பி ஹோல்டர் என்போம். அவர் படிக்கப் படிக்க நான் அச்சுத்தாளில் கண்ணை ஓட்டுவேன். எனக்கு அப்படிப் படித்துக் காட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். எத்தனையோ ஆண்டுகள் என் எதிரில் உட்கார்ந்தவர். இன்று அவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் வரவில்லை. நான் குனிந்து தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்த்தது குறைவு. ஆனால் அவர் அரைப்புள்ளிக்கு முன்னால் இழுக்கும் மூச்சு காதில் இருக்கிறது. காற்புள்ளிக்கு நிற்க மாட்டார். அரைப்புள்ளிக்கு மட்டும் ஒரு மூச்சு வாங்கி, கொஞ்சம் தாமதித்துத்தான் அடுத்த சொல்லுக்குப் போவார். அதனால் அவர் 'அரைப்புள்ளி' என்று சொல்வதற்கு முன்பே என் பேனா அங்கே போய் நிற்கும். முகம் போய் மூச்சு மட்டும் நின்றது எனக்குப் பல காலம் உறுத்தலாக இருந்தது. அது நன்றிகெட்டதனம் என்றுகூட எண்ணியிருக்கிறேன். பாரதியின் பாட்டைத் திருத்த நேர்ந்தபோதுதான், இப்படி நடக்கும், அன்பு குறைந்து இது நடப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன். எனக்கு நடந்ததை எனக்கே விளக்கிச் சொன்னது அந்தப் பாட்டு. ஒரு கவிதை இதைவிட என்ன சமூகப் பயன் தர வேண்டும்?

இன்று கைபேசி நிறையப் படங்கள் இருக்கின்றன. வண்ணப் படமில்லை என்ற குறை யாருக்கும் இல்லை. ஆனால் படத்தில் மூச்சு விழாது. தயக்கம் விழாது. ஒருவர் அறைக்குள் இருக்கும்போது இருந்த மௌனம், அவர் போன பிறகு வேறு மாதிரி ஆவதும் விழாது. இவற்றை எழுதிவைக்க இன்றும் சொல் மட்டும்தான் இருக்கிறது.

வள்ளுவர் 'நினைந்தவர் புலம்பல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நீங்கள் வேண்டாம் என்று கட்டம் கட்டிய புலம்பலேதான். அதில் ஒரு குறள்: 'நினைப்பவர் போன்று நினையார்கொல் தும்மல் சினைப்பது போன்று கெடும்.' தும்மல் வருவதுபோல் வந்து, வராமல் அடங்கிவிடுகிறது. அவர் என்னை நினைக்கத் தொடங்கி விட்டுவிட்டாரோ? உடம்பில் நொடிப்பொழுது தோன்றி மறையும் ஒன்றைப் பிடித்து, அதற்குள் ஒரு பெண்ணின் நம்பிக்கையையும் ஏமாற்றத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறார். அரசுக்கும் அமைச்சுக்கும் ஒற்றுக்கும் அதிகாரம் வகுத்தவர்தான் இதற்கும் இடம் ஒதுக்கினார்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைத்திருப்பது புறநானூற்றின் 243ஆம் பாட்டை. வயது ஆக ஆக அதை விட முடியவில்லை. முழுவதையும் தருகிறேன்.

இனிநினைந் திரக்கம் ஆகின்று திணிமணல்
செய்வுறு பாவைக்குக் கொய்பூத் தைஇத்
தண்கயம் ஆடும் மகளிரொடு கைபிணைந்து
தழுவுவழித் தழீஇத் தூங்குவழித் தூங்கி
மறையெனல் அறியா மாயமில் ஆயமொடு
உயர்சினை மருதத் துறையுறத் தாழ்ந்து
நீர்நணிப் படிகோடு ஏறிச் சீர்மிகக்
கரையவர் மருளத் திரையகம் பிதிர
நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து
குளித்துமணற் கொண்ட கல்லா இளமை
அளிதோ தானே யாண்டுண்டு கொல்லோ
தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி நடுக்குற்று
இருமிடை மிடைந்த சிலசொல்
பெருமூ தாளரேம் ஆகிய எமக்கே

மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியது, ஒளிவுமறைவு தெரியாத தோழர்கள், தண்ணீருக்கு அருகே தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறியது, கரையில் நின்றவர்கள் திகைக்க, நீர்த்துளி தெறிக்க, ஆழமான மடுவில் துடும் என்று குதித்தது, அடியில் போய் மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்கிறார், கைத்தடி ஊன்றிய கிழவர்.

இதை அச்சுத்தாளில் படிக்கும்போது கண்ணுக்குத் தெரிவது வாக்கியத்தின் ஓட்டம். தைஇ, பிணைந்து, தழீஇ, தூங்கி, தாழ்ந்து, ஏறி, பாய்ந்து, குளித்து என்று எச்சமாகவே போகிறது. முற்றுப்புள்ளி வைக்க எங்கும் இடம் தரமாட்டார். இளமைக்கு நிற்க நேரம் இல்லை, ஒன்றை முடிக்குமுன் அடுத்ததற்குப் பாய்கிறது. 'கல்லா இளமை' என்று வந்தவுடன் எல்லாம் நின்றுவிடுகிறது. அதன் பிறகு சின்னச் சின்னச் சொற்கள். அளிதோ. தானே. யாண்டு. பிறகு 'இருமிடை மிடைந்த சிலசொல்', இருமலுக்கு நடுவே வரும் சில வார்த்தைகள். மூச்சு முட்டாமல் பத்து அடி ஓடிய அதே வாய்தான் இப்போது இருமிக்கொண்டு நிற்கிறது. கவிதையின் மூச்சே வயதாகிவிட்டது. முதுமை கொடியது என்றோ இளமை நிலையாது என்றோ அவர் நமக்குப் பாடம் எடுக்கவில்லை. மடுவின் அடிமண்ணை எடுத்துக் காட்டினார், போதும் என்று விட்டுவிட்டார். ஆழத்தைத் தொட்டுவிட்டேன் என்பதற்குப் பையன்கள் காட்டும் அத்தாட்சி அது. இந்தக் கவிஞருக்கும் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஊன்றியிருந்த தடியின் பெயராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம்.

இந்தப் பாட்டுகள் நம் கைக்கு வந்த வழியையும் எண்ணிப் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் அச்சிட்டார். குறுந்தொகைக்கு அவர் எழுதிய உரைப் பதிப்பு 1937இல் வந்தது. அதற்கு முன் எத்தனையோ தலைமுறை, ஓலை இற்றுப்போகும் முன் புதிய ஓலையில் படியெடுத்துப் படியெடுத்துத்தான் இவை பிழைத்தன. ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதுவது எவ்வளவு கடினமான வேலை! ஒவ்வொரு எழுத்துக்கும் உடல் உழைப்பு. அப்படி எழுதியவர்களில் யாரும், இது எவளோ ஒருத்தியின் ஏக்கம், இது ஏதோ ஒரு கிழவரின் நினைவு, இதற்கு ஏன் ஓலையை வீணாக்க வேண்டும் என்று விட்டுவிடவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவே இல்லை. அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். நாளிதழின் வாசகர் பகுதி சின்ன இடம்தான். ஆனாலும் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கிற இடம் அது. முதல் கவிதையை அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தைப் புரட்டும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய இடம் வேறு இல்லை.

ஆகவே அந்த விதியை எடுத்துவிடுங்கள். விதி கட்டாயம் வேண்டும் என்றால் இப்படிப் போடலாம்: நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்பதை விட்டுவிட்டு, அப்போது எதைக் கண்டீர்கள், எதைக் கேட்டீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். தேறாத கவிதைகள் தாமாகவே குறைந்துவிடும், சமூகக் கவிதைகளிலும்தான்.

இரண்டு சில்லறை விஷயங்களும் உண்டு. சென்ற மாதம் ஒரு கவிதையை இடம் பற்றாமல் வரிகளை ஓடவிட்டு உரைநடைபோல அச்சிட்டிருந்தீர்கள். வரி உடையும் இடத்தில்தான் அந்தக் கவிதை தயங்கியிருந்தது, அந்தத் தயக்கம் போய்விட்டது. இடம் இல்லையென்றால் அடுத்த வாரம் போடுங்கள். ஒவ்வொரு கவிதைக்கும் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தைப் போடுவதையும் நிறுத்தினால் நல்லது. அந்த இடத்தில் இன்னும் நாலு வரி வைக்கலாம்.

அச்சுக்குப் போகிற கவிதைகளை நான் புரூஃப் பார்த்துத் தருகிறேன். ஊதியம் வேண்டாம். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினால் அன்று மாலையே திருத்தம் போட்டுத் திருப்பிவிடுவேன். எழுதியவர் தானே அடித்த வரிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புரூஃப் ரீடர், உங்கள் நெடுநாள் வாசகி